குதிரை இல்லாத பவுன்

அடகுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமூட்டும்படி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். என்னிடம் உற்சாகம் இல்லை. ஹட்டனில் ஒரு சின்ன வங்கியின் அடகு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, பிறத்தியார் நகையைக் கல்லில் உரைத்துப் பார்த்தே என் ஆயுளில் பாதி போனது. அந்த ஜன்னலுக்குச் சிரித்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்க்கப் போவதில்லை.

எப்படி உரைப்பது, எந்த அசிட்டை எப்போது விடுவது, பூச்சை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. உரைக்கலாமா, கூடாதா என்று கை நின்றுபோன ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். இதைப் படித்து உங்களுக்கு ஏதாவது வெளிச்சம் கிடைத்தால் சரி. எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்தது. வடக்கில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். தேயிலைத் தோட்டங்களில் இருந்து பெண்கள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஏஜென்சிக்குக் கட்டுவதற்காக எங்கள் ஜன்னலில் தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி என்று வைத்துவிட்டுப் போவார்கள். அதில் பாதியை மீட்க ஆள் வராது.

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் இருந்து மாரியாயி என்றொரு அம்மா வந்தார். தலவாக்கலையில் பஸ் மாறி, மழையில் நனைந்து வந்து நின்றார். பையில் இருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு கறுத்த உருண்டையை எடுத்து ஜன்னலில் வைத்தார்.

"என்னம்மா இது? மெழுகுக்கெல்லாம் நாங்க கடன் குடுக்கிறதில்ல" என்றேன்.

"தெரியுங்க. உள்ளார இருக்கு."

கட்டைவிரல் நகத்தால் உருண்டையைப் பிளந்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன நகம். தேன்மெழுகுக்குள் ஒரு காசு இருந்தது.

"லயத்துல வரிசையா ஒட்டிக் கெடக்கிற வீட்டுல எதைங்க ஒளிக்க முடியும்? செவத்துக்கு அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கும். மெழுகுன்னா எவனும் தொடமாட்டான்னு எங்க மாமனாரு இப்பிடிப் பொதிஞ்சு வச்சாரு. பவுனா பித்தளையான்னு மட்டும் சொல்லிருங்க. பித்தளைன்னா நான் அடுத்த பஸ்ஸப் புடிக்கிறேன்."

பித்தளை என்ற சந்தேகம் ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பவுன் காசு என்றால் குதிரைக்காரனைத்தான் தேடுவார்கள். ஒரு பக்கம் ராணியோ ராஜாவோ, மறுபக்கம் குதிரை மேல் இருந்து பாம்பு மாதிரி எதையோ குத்துகிறவன். அந்தக் குதிரை இருந்தால்தான் பவுன். இதில் குதிரை இல்லை. ஆஸ்திரேலியா என்று நடுவில் எழுதி, சுற்றி இலை வளையம், மேலே ஒரு கிரீடம். நிறமும் நம் கண்ணுக்குப் பழகிய சிவப்பு மஞ்சள் இல்லை, வெளிறிய மஞ்சள். ஒன்றுக்கு இரண்டு ஆசாரிமார் உரைக்காமல் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு இது பவுனே இல்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் குடும்பம் எத்தனையோ கஷ்டத்தில் இதை விற்காமல் விட்டது.

எடை போட்டேன். பவுன் எடை சரியாக நின்றது. கல்லை எடுத்தேன். காசின் விளிம்பைக் கல்லில் வைக்கப் போன கை அப்படியே நின்றது.

கொழும்பில் பழைய காசு வாங்கி விற்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் இருந்த படப் புத்தகத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் அடித்த பவுன். ஆரம்பத்தில் செம்புக்குப் பதில் வெள்ளியைக் கலந்ததால் அந்த வெளிறிய நிறம். இது மெழுகுக்குள்ளேயே கிடந்ததால் ராணியின் தலைமுடியில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. விளிம்பை ஒரு தடவை உரைத்தால் போதும், அது வெறும் தங்கமாகிவிடும். நம் கல்லுக்கு ராணியும் ஒன்றுதான், உடைந்த தோடும் ஒன்றுதான்.

எங்கள் மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். சட்டம் என்றால் சட்டம். என் பின்னால் வந்து நின்றார்.

"என்ன, கல்லைக் கையில வச்சுக்கொண்டு தியானமோ? சனம் நிக்குது."

"சேர், இதை உரைச்சா காசு கெட்டுப்போயிரும்."

"உரைக்காமல் கடன் குடுத்தால் என்ரை வேலை கெட்டுப்போயிரும். உரையும், இல்லாட்டி மனுசியை அனுப்பும்."

சிரிக்க வேண்டாம். அவர் சொன்னது முழுக்கச் சரி. உரைக்காத பொருளுக்குக் கடன் கிடையாது, உரைக்காத பொருளைப் பெட்டகத்தில் வைக்கவும் கூடாது. அந்த விதி இல்லாவிட்டால் ஒரு மாசத்தில் எங்கள் பெட்டகம் பித்தளையால் நிரம்பியிருக்கும்.

நான் அந்த அம்மாவைக் கேட்டேன், எதற்குக் காசு, எவ்வளவு அவசரம் என்று. பொருளைப் பார்க்க முன்னால் இதைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் நாம் கேட்பதில்லை.

அவருடைய மகள் செல்வி குவைத்துக்குப் போயிருந்தாள். வேலைக்குப் போன வீட்டில் அடி. சம்பளமும் இல்லை. ஒரு நாள் தப்பி ஓடி, கூட்டிப்போன ஏஜென்சியின் அங்கத்திய ஆபீசுக்கு வந்துவிட்டாள். அவளை ஓர் அறையில் வைத்திருந்தார்கள். டிக்கெட் காசை இங்கே கட்டினால் ஏற்றி அனுப்புவோம், கட்டாவிட்டால் வீட்டுக்காரனிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டிவரும், ஒப்பந்தம் அப்படி என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான்.

"அவ எவ்வளவு நாளைக்குத் தாங்குவா?" என்றேன்.

"அவ கொரலக் கேட்டிருந்தீங்கன்னா இந்தக் கேள்விய நீங்க கேக்க மாட்டீங்க" என்றார் மாரியாயி.

மனேஜரின் அறையில் இருந்து கொழும்பில் உள்ள அந்தப் பழைய காசு வியாபாரிக்குப் போன் போட்டேன். காசை விவரித்ததும் அவர் அவசரமாகக் கேட்டார்.

"உரசிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அண்ணே, கையை எடுங்க. துணியால கூடத் தொடாதீங்க. நான் ஞாயித்துக்கிழமை ரயில்ல வாறேன்."

அவர் சொன்ன வழிகள் இரண்டு. முதலாவது, இருக்கிற மாதிரியே அவர் வாங்கிக்கொள்வார். தங்க விலையைப் போல மூன்று மடங்கு தருவார். டிக்கெட்டுக்கு அது தாராளம். இரண்டாவது, காசை வெளிநாட்டில் உள்ள தரம் பிரிக்கும் கம்பெனிக்கு அனுப்புவது. அவர்கள் காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அசல்தான் என்று உறுதி செய்து, ஓர் எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மூடி அனுப்புவார்கள். அதற்குப் பிறகு வாங்குகிறவன் காசைப் பார்ப்பதில்லை, பெட்டியில் ஒட்டிய எண்ணைத்தான் பார்ப்பான். நல்ல எண் விழுந்தால் ஒரு லயத்து அறைக்குப் பதில் சொந்தமாக வீடே கட்டலாம் என்றார். ஆனால் சில மாசம் பிடிக்கும்.

"அந்தப் பொண்ணு டிக்கெட்?" என்று கேட்டேன்.

"டிக்கெட் காசை நான் முன்பணமாக் கொண்டாறேன். மிச்சம் வித்த பிறகு பார்ப்போம்."

நியாயமான பேச்சு. கேட்டால் யாரும் அதைத்தான் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் ஓர் இடத்தில் முள் இருந்தது. பழைய பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு விண்ணப்பித்தால் எப்போது கிடைக்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அவர் தன் பையில் போட்டுக் கொண்டுபோகத் திட்டம் போட்டிருந்தார். அதனால் ரசீது தர மாட்டார்.

அந்த அம்மாவிடம் ஒன்றையும் ஒளிக்காமல் இரண்டு வழியையும் சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். இரண்டாவது வழியின் விலையை மறைத்திருக்கலாமே என்று பிற்பாடு ஒருத்தர் என்னிடம் சொன்னார். மறைத்தால் அது திருட்டு. அவருடைய காசின் விலை அவருக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கு வந்தாலும் சொல்வேன்.

என் அபிப்பிராயத்தையும் சொன்னேன். "இருக்கிற மாதிரியே வித்துருங்க. எண்ணும் வேணாம், பெட்டியும் வேணாம். காசைக் குடுத்து காசை வாங்கிட்டு, அதோட முடிச்சுக்கங்க."

மாரியாயி வெளியே போய், கூட வந்து வாசலில் நின்ற மருமகனைக் கூட்டி வந்தார். செல்வியின் புருஷன், பேர் குமார். தேயிலை பெக்டரியில் வேலை. செல்வியின் தாலிக்கொடி எங்கள் பெட்டகத்தில்தான் இருந்தது, அவளை அனுப்புவதற்காக அவன் கையால் வைத்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஜன்னலுக்குக் கிட்ட வந்தான்.

"சார், அவ வந்துருவா. சரி. வந்து என்ன செய்வா? அதே லயம், அதே கடன். ஆறு மாசத்துல திரும்பவும் ஏஜென்சி வாசல்ல நிப்பா. நான் வேணாம்னாலும் போவா, அவ அப்பிடித்தான். முன்பணத்துல டிக்கெட்டும் எடுக்கலாம், பொறவு வீடும் கட்டலாம்னா, எதுக்கு சார் அரைகுறையா விக்கணும்?"

பதில் சொல்லுங்கள் பார்ப்போம். பேராசை என்று சொல்லிவிடலாம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து அப்படிச் சொல்வது ரொம்பச் சுலபம். அவன் கேட்டது தன் பெண்டாட்டி இரண்டாம் தடவை போகாமல் இருக்க ஒரு வழி.

"சரி, காசு கொழும்புக்காரர் கைக்குப் போயிரும். என்ன ரசீதுத் துண்டு தருவாரு?" என்றான்.

"துண்டு தரமாட்டாரு."

"அப்ப திரும்பி வாறது எங்க காசுதான்னு எப்பிடித் தெரியும்?"

"நான் எடையைக் குறிச்சுத் தாறேன்."

"எல்லாப் பவுனும் ஒரே எடைதானே சார்."

எடையைக் குறிக்க எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன். அவன் விடவில்லை. "ஏஜென்சிக்காரனும் நல்லாத்தான் பேசினான். இங்கிலீசுல ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினான். அந்தப் பேப்பர்லதான் இப்ப அவ மாட்டிக்கிட்டுக் கெடக்கா."

ஆனாலும் இரண்டாவது வழிதான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காசைப் பெட்டகத்தில் வைத்திருக்கலாமா என்று மனேஜரைக் கேட்டேன். "உரைச்சால் வைக்கலாம். உரைக்காட்டி வைக்கேலாது. நான் என்ன செய்யிறது, சொல்லும்?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் விதி மாறவில்லை. காசை மெல்லிய தாளில் சுற்றிக் கொடுத்தேன். துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைக்காதீர்கள் என்று எனக்குத் தோன்றியதெல்லாம் சொன்னேன். அவர்கள் அத்தனையும் கேட்டார்கள், நான் வேண்டாம் என்றதில் ஒன்றையும் செய்யவில்லை. குமார் ஏஜென்சிக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் காசு கைக்கு வரும், திங்கட்கிழமை காலையில் கட்டிவிடுவோம் என்று சொன்னான். ஏஜென்சிக்காரன் சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில் கூடினோம். கொழும்புக்காரர், மாரியாயி, குமார், நான். கொழும்புக்காரர் முன்பணத்தைக் கொண்டுவந்திருந்தார். கவரை மேசை மேல் வைத்துவிட்டு, வெள்ளைக் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டார். தேத்தண்ணி கொண்டுவந்த ஆள் அதைப் பார்த்து, "என்ன முதலாளி, ஒபரேசனா?" என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாரியாயியும் சிரித்தார்.

கொழும்புக்காரர் தாளைப் பிரித்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார்.

"இதுல யாரு கொத்தினது?"

எனக்கு விளங்கவில்லை. வாங்கிப் பார்த்தேன். ராணியின் கழுத்துக்குக் கீழே, வெற்றிடத்தில், சின்னதாக, ஆனால் ஆழமாக, அழகாக ஓர் எழுத்து. செ.

குமார் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான்தான் வெட்டச் சொன்னேன். தலவாக்கலையில பாத்திரக் கடை வாசல்ல ஒருத்தர் வெட்டுவாரு. இப்ப இது எங்கடதுதான்னு எங்க போனாலும் தெரியும்ல? நீங்க துண்டு தரவேணாம். எனக்கு இது போதும்."

உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே தண்ணிக் குழாயில் வரிசையாகக் குடமும் வாளியும் வைக்கிற இடத்தில் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் யாரும் வைப்பதில்லை. கல்யாணச் சீராக வந்த குத்துவிளக்கில் பேர். சோத்துச் சட்டியில் பேர். கோயிலுக்குக் கொடுத்த தாம்பாளத்திலும் பேர். பேர் வெட்டினால் பொருள் கெட்டுப்போகும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உலகத்தில் உள்ள எல்லாத் தடையையும் சொன்ன எனக்கு இது மனசிலேயே படவில்லை.

கொழும்புக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. ஏதோ செத்த வீட்டில் பேசுவது மாதிரிப் பேசினார். "தம்பி, இதை அனுப்பினா அவங்க எண்ணே போடமாட்டாங்க. பழுதுன்னு எழுதித் திருப்பி அனுப்புவாங்க. இனி இது உருக்கிற தங்கம்."

"அப்ப இருக்கிற மாதிரி வாங்கிக்கங்க. மூணு மடங்குன்னு சொன்னீங்களே" என்றார் மாரியாயி.

"அது நேத்து இருந்த காசுக்கு, அம்மா."

"பேரு வெட்டினா பவுன் போயிருமாங்க? பவுன் அப்பிடியேதானே இருக்கு?"

அவர் கவரை எடுத்துப் பைக்குள் வைத்தார். கையுறையைக் கழற்றினார். தேத்தண்ணிக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிற ரயிலுக்குப் போனார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. ரசீது தராததற்கா? தந்தால் அவர் உள்ளே போக வேண்டும். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய கஷ்டம். ரசீது கொடுக்காத இடத்தில், ஒன்றும் இல்லாதவன் தன் பொருளின் மேலேயே ரசீது எழுதிக்கொள்கிறான். அவனைப் பார்த்து நாம் படிக்காதவன் என்கிறோம்.

குமார் மேசையை விட்டு எழும்பவில்லை. "வேற என்ன சார் செய்யிறது?" என்று என்னைக் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டான்.

திங்கட்கிழமை காலையில் ஏஜென்சிக்காரன் கேட்டபோது, குமார் இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றான். சொன்ன சொல் தவறியது என்று ஏஜென்சிக்காரன் போனை வைத்துவிட்டான். நாங்கள் ஜன்னலைத் திறந்ததும் மாரியாயி காசை வைத்தார். இப்போது உரைப்பதற்கு ஒரு தடையும் இல்லை. உரைத்தேன். அசிட் விட்டேன். கோடு அழியவில்லை, நல்ல தங்கம். கொடுக்கக்கூடிய முழுக் கடனையும் போட்டேன். டிக்கெட்டுக்குப் போதவில்லை.

அப்போது மனேஜர் தன் அறையில் இருந்து வந்து, ஒரு மடித்த கவரை என் மேசையில் வைத்தார். "இதையும் சேர்த்துக் குடும். என்ரை பேரைச் சொல்ல வேண்டாம்" என்றார். சொல்லாமல் எப்படிக் கொடுப்பது? சொல்லித்தான் கொடுத்தேன். மீதியை லயத்தில் சேர்த்தார்கள். ஆளுக்கு முடிந்ததைப் போட்டிருக்கிறார்கள். புதன்கிழமை முழுக் காசும் சேர்ந்து, குமார் அதை ஏஜென்சிக்குக் கொண்டுபோனான்.

ஏஜென்சிக்காரன் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்: "அந்தக் கேஸ் முடிஞ்சுது. வீட்டுக்காரர் வந்து பேசி, பிரச்சினை தீர்ந்து, கூட்டிக்கொண்டு போயிட்டார்."

எப்போது என்று குமார் கேட்டிருக்கிறான். திங்கட்கிழமை பின்னேரம்.

இதில் உங்களுக்குப் பாடம் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதுவும் அரைகுறைதான். ஒரு பொருளுக்குத் தரம் போட அனுப்புவதா என்ற கேள்வி வந்தால், பொருளைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். தரம் என்பது காத்திருக்க முடிந்தவர்களுக்கு. பெட்டகம், ரசீது, வக்கீல், நேரம் எல்லாம் உள்ளவர்களுக்கு. இதில் ஒன்றும் இல்லாதவர் ஜன்னலில் வந்து நின்றால், இருக்கிறபடியே விற்கச் சொல்லுங்கள். நான் அதைத்தான் சொன்னேன். சொன்னது சரி. அதனால் ஒன்றும் ஆகவில்லை. சரியாகச் சொல்வதற்கும் ஒருத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்திருந்தால், இப்போதே வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டுவிடுங்கள்.

செல்வியிடம் இருந்து அதற்குப் பிறகு ஒரு போன் வந்ததாகக் கேள்விப்பட்டேன். நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். பக்கத்தில் யாரோ நின்றிருக்கிறார்கள் என்று மாரியாயி சொன்னார். ஒப்பந்தம் முடிகிற காலமும் வந்து போனது. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அவள் வரவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும், அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், புகார் ஒன்றும் இல்லை என்ற ஒரே பதில்.

குமார் ஏஜென்சிக்குப் போய்த் திரும்பிய அந்த வாரக் கடைசியிலேயே மாரியாயி ஜன்னலுக்கு வந்து, நாங்கள் கொடுத்த கடனைத் திருப்பி வைத்தார். நோட்டுக் கட்டின் மேல் நான் சுற்றிய காகிதப் பட்டி அப்படியே இருந்தது, பிரிக்கப்படவில்லை. மனேஜரின் கவரைத் தனியாகவும், லயத்தில் சேர்த்ததைத் தனியாகவும் துணியில் முடிந்து வைத்திருந்தார். ஒவ்வொருத்தருக்கும் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றார்.

"ஏம்மா, வச்சுக்கங்க. எதுக்காவது ஆகும்" என்றேன்.

"எதுக்குங்க?" என்றார்.

மனேஜரின் கவரை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கி மேசையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன். ஒரு நாள் வைத்தாலும் ஒரு மாச வட்டி எடுக்க வேண்டும், அதுதான் விதி. எடுத்தேன். மாரியாயி முந்தானையில் இருந்து சில்லறையாக எண்ணிக் கொடுத்தார். பெட்டகத்தில் இருந்த பவுனை எடுத்து அவர் கையில் வைத்தேன். பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வரிசையில் அடுத்து நின்ற பெண் இரண்டு காப்பைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். எடுத்து உரைத்தேன்.